அடையாளம் குறைந்த செங்குத்துப் பாதையில் ஏரிக்காட்சிக்கு ஏறி இறங்கும் முறை

மலை ஏரிகளைப் பார்க்கச் செல்லும் பாதைகளில் ஒரு வகை உண்டு. வரைபடத்தில் அளந்தால் நான்கு கிலோமீட்டருக்கு மேல் வராது. ஆனால் அந்த நான்கு கிலோமீட்டருக்குள் அறுநூறு மீட்டர் உயரம் ஏற வேண்டியிருக்கும். தொடக்கத்தில் ஒரு பலகை நிற்கும். அதற்குப் பிறகு மரப்பட்டையில் மங்கிப்போன சாயக்கோடு ஒன்று, பாறைமேல் யாரோ அடுக்கிய நாலைந்து கற்கள், இடையிடையே ஒன்றுமே இல்லாத நீண்ட வெளி. இத்தகைய பாதையில் நடப்பவருக்கு உடல்வலிமையைவிட முக்கியமானது, ஏறும்போது எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இறக்கத்தை மனத்தில் வைத்து எடுக்கும் பழக்கம். ஏறுபவருக்குச் சரிவு கண்ணெதிரே இருக்கிறது. கால்களில் களைப்பு இல்லை. தவறினால் திரும்பிவர நேரமும் இருக்கிறது. இறங்குபவருக்கு இந்த மூன்றும் குறைந்துபோயிருக்கும். ஆகவே, கீழே சொல்லப்படும் முறைகளில் பல, மேலே போவதைப் பற்றியவையாகத் தோன்றினாலும், அவற்றின் நோக்கம் பத்திரமாகக் கீழே வந்து சேர்வதுதான்.

வரைபடமும் நேரக் கணக்கும்

முதல் வேலை, புறப்படுவதற்கு முன்பே உட்கார்ந்து செய்ய வேண்டியது. சமவுயரக் கோடுகள் (ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடம் ஒன்றை எடுத்து, பாதையை விரலால் பின்தொடர்ந்து, அது எத்தனை கோடுகளை வெட்டிச் செல்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 1:25,000 அளவுத்திட்ட வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். கோடுகளுக்கு இடையேயான உயர வேறுபாடு 10 மீட்டர் என்றால், ஒரு சென்டிமீட்டருக்குள் பாதை பத்துக் கோடுகளை வெட்டும் இடத்தில் 250 மீட்டர் தொலைவுக்கு 100 மீட்டர் ஏற்றம் இருக்கிறது. அதாவது நூற்றுக்கு நாற்பது வீதச் சரிவு, கோணத்தில் ஏறத்தாழ 22 பாகை. கால்களால் மட்டுமே ஏறிவிடலாம். ஆனால் மண் ஈரமாக இருந்தால் இறங்கும்போது வழுக்கும். அதே ஒரு சென்டிமீட்டருக்குள் இருபத்தைந்து கோடுகள் நெருங்கினால் சரிவு 45 பாகை. அங்கே கைகளுக்கும் வேலை வரும். கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் இடம் பாறைச்சுவர். அந்தச் சுவர் பாதைக்கு எந்தப் பக்கம், எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். வழி தவறிய நேரத்தில் எந்தப் பக்கம் ஒருபோதும் இறங்கக் கூடாது என்பதை அந்தக் குறிப்புதான் சொல்லும்.

கோடுகள் கூர்முனையாக வளைந்து, முனை மேட்டை நோக்கி இருந்தால் அது ஓடை அல்லது பள்ளத்தாக்கு. முனை தாழ்வை நோக்கி இருந்தால் அது முகடு. இந்த ஒரு வேறுபாட்டைப் பழகிக்கொண்டாலே பாதையின் குணம் பாதி விளங்கிவிடும். முகட்டில் செல்லும் பாதையில் வழி தவறுவது கடினம், ஏனெனில் இரு பக்கமும் நிலம் தாழ்ந்து, நடப்பவரை நடுவிலேயே வைத்திருக்கும். பரந்த சரிவின் குறுக்கே செல்லும் பாதையில் அத்தகைய வேலி கிடையாது. மங்கிய பாதைகள் காணாமற்போவது பெரும்பாலும் அங்கேதான்.

ஏரியைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். மலை ஏரிகளில் பல, பழைய பனியாறுகள் பாறையைக் குடைந்து உண்டாக்கிய கிண்ணப் பள்ளங்களில் தேங்கியவை. மூன்று பக்கம் செங்குத்தான சுவர். நான்காவது பக்கம் தாழ்ந்த பாறை வரம்பு. அந்த வரம்பைத் தாண்டி வழியும் ஓடை. கரைக்குச் செல்லும் பாதை இந்த ஓடையை ஒட்டி ஏறும்; வரம்புக்குச் சற்றுக் கீழேயுள்ள படிதான் அதன் மிகச் செங்குத்தான பகுதியாக இருக்கும். ஏரியை மேலிருந்து பார்க்கும் முனைக்குச் செல்லும் பாதையோ, பக்கச்சுவர் ஒன்றின் வெளிப்புறச் சரிவில் ஏறிச் சென்று முகட்டில் முடியும். அதில் கடைசிச் சில அடிகள் வரை தண்ணீர் கண்ணில் படாது. கண்ணில் படும் நேரத்தில் நீங்கள் சுவரின் விளிம்பில் நிற்பீர்கள். நீங்கள் செல்லவிருப்பது இவ்விரண்டில் எது என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் ஆயத்தம் வேறு.

நேரத்தைக் கணக்கிட 1892ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் தந்த விதி இன்றும் பயன்படுகிறது. மெட்ரிக் அளவில் அதைச் சொன்னால், ஒவ்வொரு 5 கிலோமீட்டர் தொலைவுக்கும் ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். நான்கு கிலோமீட்டர் தொலைவும் அறுநூறு மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு 48 நிமிடமும் 60 நிமிடமும் சேர்ந்து 1 மணி 48 நிமிடம் வருகிறது. இறக்கத்துக்குப் பிரித்தானிய மலையேறி எரிக் லாங்முயர் சேர்த்த திருத்தம் முக்கியமானது: மென்மையான இறக்கத்தில் நேரம் குறையும், ஆனால் 12 பாகைக்கு மேற்பட்ட செங்குத்தான இறக்கத்தில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் 10 நிமிடம் கூடும். நம் பாதையின் சராசரிச் சரிவு அதைவிடக் குறைவுதான் என்றாலும், அறுநூறு மீட்டரும் செங்குத்தான பகுதிகளிலேயே இறங்க வேண்டியிருக்கும் என்று கொண்டால், இறக்கத்துக்கு 48 நிமிடத்தோடு 20 நிமிடம் சேர்ந்து 1 மணி 8 நிமிடம் ஆகும். இரண்டையும் கூட்டினால் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இந்தக் கணக்கு தெளிவான பாதையில், நிற்காமல் நடக்கும் பழகிய நடையருக்கானது. அடையாளம் குறைந்த பாதையில் நின்று தேடும் நேரத்துக்காக அதில் பாதியைக் கூடுதலாகச் சேர்ப்பது என் வழக்கம். அப்படியானால் நாலரை மணி நேரம், மேலே உட்கார்ந்திருக்கும் நேரம் தனி. இணையத்தில் ‘இரண்டு மணி நேரத்தில் போய்வந்துவிட்டேன்’ என்று எழுதுபவர்களை நம்பித் திட்டமிட வேண்டாம். பாதையை ஏற்கெனவே அறிந்தவரின் நேரமும் முதன்முறை செல்பவரின் நேரமும் ஒன்றாக இருக்கவே முடியாது.

இந்தக் கணக்கிலிருந்து திரும்பும் நேரத்தைப் பெறலாம். சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே அடிவாரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து இறக்கத்துக்கான நேரத்தைக் கழித்தால், எந்த நேரத்துக்குமேல் ஏறக் கூடாது என்பது கிடைக்கும். காட்சிமுனை இன்னும் பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்று தோன்றினாலும், அந்த நேரம் வந்ததும் திரும்ப வேண்டும். குழுவாகச் செல்பவர்கள் அதை அடிவாரத்திலேயே எல்லோரும் கேட்கும்படி சொல்லிவைப்பது நல்லது. மேலே போனபின் அதைப் பற்றி விவாதம் தொடங்கினால் பெரும்பாலும் ஆசைதான் வெல்லும். எந்தப் பாதையில் செல்கிறீர்கள், எத்தனை மணிக்குள் செய்தி வரவில்லையென்றால் யாரை அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் இருக்கும் ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

கைபேசி வரைபடம் நல்ல துணை. ஆனால் அதன் எல்லைகள் தெரிந்திருக்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும், வரைபடம்தான் வராது. ஆகவே அதை முன்பே இறக்கிவைத்து, ஏரோப்பிளேன் மோடில் போட்டு அது திறக்கிறதா என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். பாறைச்சுவர் அருகிலும் அடர்ந்த மரங்களுக்குக் கீழேயும் அது காட்டும் இடம் பத்து இருபது மீட்டர் தள்ளிப்போகலாம். சுவரோரப் பாதையில் அது சிறிய பிழையன்று. குளிரில் மின்கலம் வேகமாக இறங்கும், அதனால் கைபேசியைச் சட்டையின் உள்பையில் வைத்திருங்கள். தன்னார்வலர்கள் 2004ஆம் ஆண்டு முதல் உருவாக்கிவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாகக் கொண்ட செயலிகள் பலவற்றில், நன்றாகத் தெரியும் பாதையும் கண்ணுக்கே தெரியாத பாதையும் ஒரே மாதிரியான கோடாகத்தான் வரையப்படுகின்றன. சில செயலிகள் அந்தக் கோட்டைத் தொட்டால் பாதையின் கடினத்தையும் தெளிவையும் தனியாகக் காட்டும். கடினத்துக்கு சுவிஸ் ஆல்பைன் சங்கத்தின் டி1 முதல் டி6 வரையான அளவுகோல் பயன்படுகிறது. டி3 என்று இருந்தால் சமநிலைக்குக் கையை ஊன்ற வேண்டிய இடங்கள் வரும் என்று பொருள். அதற்கு மேலே உள்ளவை அனுபவம் இல்லாதவர்களுக்கு உரியவை அல்ல. கைபேசியை மட்டும் நம்பாமல், அச்சிட்ட வரைபடத் தாளும் திசைகாட்டியும் எடுத்துச் செல்லுங்கள்.

பையில் எடுத்துச் செல்ல வேண்டியவற்றை நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ஆழமான பள்ளங்கள் வெட்டிய அடிப்பகுதி உள்ள காலணி, அடுக்கடுக்காக அணியக்கூடிய உடை, காற்றையும் மழையையும் தடுக்கும் மேலாடை, ஹெட்லாம்ப், விசில், முதலுதவிப் பொருள்கள், உணவு, மணிக்கு அரை லிட்டர் என்ற கணக்கில் தண்ணீர். பகலிலேயே திரும்பிவிடும் பயணத்துக்கும் ஹெட்லாம்ப் கட்டாயம் வேண்டும். உடை விஷயத்தில் பருத்தியைத் தவிர்க்கலாம். வியர்வையில் நனைந்தால் அது எளிதில் உலராது. உயரம் கூடக் கூட வெப்பநிலை 1,000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும். அறுநூறு மீட்டர் மேலே ஏறும்போது அது நான்கு பாகைதான் என்றாலும், முகட்டில் வீசும் காற்றில் நனைந்த சட்டையோடு நிற்பவருக்கு அது போதுமான தண்டனை. புறப்படும் முன் கால்விரல் நகங்களை வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் விரல்கள் காலணியின் முனையில் திரும்பத் திரும்ப இடிக்கும்.

பாதையைப் படித்தல்

பலகையும் சாயமும் இல்லாத இடத்தில் பாதையைக் காட்டுவது தரைதான். பலர் நடந்த மண் சுற்றியுள்ள மண்ணைவிட இறுகி, சற்றுத் தாழ்ந்து, செடி முளைக்காமல் இருக்கும். குறுக்கே செல்லும் வேர்களின் மேற்பட்டை தேய்ந்து பளபளக்கும். பாறைப் பரப்பில் பாசியும் கற்பாசியும் (லைக்கன்) இல்லாத வெளிறிய தடம் தெரியும். விழுந்த மரம் ஒன்றின் நடுப்பகுதி ரம்பத்தால் நேராக அறுக்கப்பட்டிருந்தால், கிளைகள் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருந்தால், அங்கே யாரோ பாதையைப் பராமரித்திருக்கிறார்கள் என்பது உறுதி. நேரே கீழே பார்ப்பதைவிட, பத்து இருபது மீட்டர் முன்னே பார்த்தால் இந்த அறிகுறிகள் கோடாகச் சேர்ந்து தெரியும். காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெளிச்சத்தில் தாழ்ந்த தடம் நிழலோடு தெளிவாகத் தெரியும்; நண்பகலில் அது தட்டையாகி மறைந்துவிடும்.

விலங்குகளின் தடமும் பார்வைக்குப் பாதை போலவே இருக்கும். அது ஏறாமல் சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் நீண்டு செல்லும். மனிதரின் நெஞ்சளவுக்குக் கீழே தொங்கும் கிளைகளுக்கு அடியில் புகுந்துபோகும். சிறிது தூரத்தில் பல கிளைகளாகப் பிரிந்து கரைந்துவிடும். அடிக்கடி குனிய வேண்டியிருக்கிறது என்று உணர்ந்தால் நின்று யோசியுங்கள். மழைநீர் அறுத்த வாய்க்காலும் ஏமாற்றும். அது எப்போதும் நேராக மேல்நோக்கி ஏறும், அதன் அடியில் கழுவப்பட்ட சரளைக்கற்கள் கிடக்கும். பாதைகள் அப்படி நேராக ஏறுவது அரிது.

கற்குவியல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மரங்களற்ற பாறை வெளியில் அவை உண்மையான வழிகாட்டிகள். மூடுபனியில் அவற்றைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது. ஆனால் ஓடைக்கரையிலும் காட்சிமுனைகளிலும் பொழுதுபோக்குக்காகக் கல் அடுக்குபவர்களும் உண்டு. தனித்து நிற்கும் ஒரே குவியலை நம்பாமல், அதன் அருகில் நின்று அடுத்தது தெரிகிறதா என்று பாருங்கள். குழுவாக இருந்தால் ஒருவர் கடைசி அடையாளத்தின் அருகிலேயே நிற்க, மற்றவர் பார்வைக்கும் குரலுக்கும் எட்டும் தூரத்தில் அடுத்ததைத் தேடிச் செல்வது பழைய முறை. நேரம் எடுக்கும், ஆனால் இந்த முறையில் கைவசமுள்ள அடையாளம் ஒருபோதும் தொலையாது. உங்கள் பங்குக்குப் புதிய குவியல் எழுப்ப வேண்டாம், இருப்பதைக் கலைக்கவும் வேண்டாம்.

இனி, இந்தக் கட்டுரையில் மறக்கக் கூடாதது ஒன்று: அடிக்கடி திரும்பிப் பாருங்கள். ஏறும்போது காணும் மலை வேறு, இறங்கும்போது காணும் மலை வேறு. சாயக்குறிகள் பல ஏறுபவரின் கண்ணுக்கு நேராக மட்டும் பூசப்பட்டிருக்கும். திரும்பி வரும்போது அதே மரத்தின் மறுபக்கம் வெறுமையாக இருக்கும். இதைவிடச் சிக்கலான ஒன்றும் உண்டு. ஏறும்போது பின்பக்கத்திலிருந்து சாய்வாக வந்து சேரும் கிளைப்பாதை கண்ணிலேயே படாது, ஏனெனில் நம் பார்வை முன்னே இருக்கிறது. இறங்கும்போது அதே இடம் இரு வழியாகப் பிரிந்து நிற்கும். இரண்டில் அகலமானதும் எளிதானதும் தவறான வழியாக இருப்பதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. ஆகவே பாதை முகட்டை அடையும் இடம், மரக்கூட்டத்திலிருந்து வெளியேறும் இடம், ஓடையைக் கடக்கும் இடம், கூர்மையாக வளையும் இடம் ஆகிய ஒவ்வொன்றிலும் நின்று, திரும்பி, கீழ்நோக்கி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏரியை எத்தனை படம் எடுத்தாலும், திரும்பும்போது உதவுவது இந்தப் படங்கள்தான்.

உயரத்தையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். பாதை எங்கே இருக்கிறது என்று தெரியாதபோதும், உயரமானியில் 1,340 மீட்டர் என்று தெரிந்தால், வரைபடத்தில் அந்தச் சமவுயரக் கோடு பாதையை வெட்டும் புள்ளிக்கு அருகில் எங்கோ நீங்கள் இருக்கிறீர்கள் என்று கொள்ளலாம். காற்றழுத்தத்தை அளந்து உயரம் சொல்லும் கைக்கடிகாரம் வானிலை மாறினாலும் எண் மாறிக் காட்டும். கடல்மட்டத்துக்கு அருகே ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்த மாற்றம் ஏறத்தாழ எட்டு மீட்டருக்குச் சமம். உயரம் தெரிந்த ஓடைக்கடவிலோ கணவாயிலோ அதைச் சரிசெய்துகொண்டே செல்ல வேண்டும்.

பாதை காணாமற்போனால்

அடையாளம் கடைசியாகக் கண்ட நேரத்திலிருந்து ஐந்து நிமிடம் கடந்தும் அடுத்தது தென்படவில்லையென்றால், நில்லுங்கள். இன்னும் சற்று மேலே போனால் தெரியும் என்ற எண்ணம்தான் வழி தவறுதலின் தொடக்கம். உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், வரைபடத்தை எடுங்கள். பிறகு வந்த வழியிலேயே, உறுதியாகத் தெரிந்த கடைசி அடையாளம் வரை திரும்புங்கள். குறுக்கே வெட்டிச் சென்று பாதையைப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். அது கூடாது, ஏனெனில் மங்கிய பாதையைக் குறுக்காகக் கடக்கும்போது அதைக் காணாமலே தாண்டிவிட முடியும். கடைசி அடையாளத்திலிருந்து பார்த்தால், பெரும்பாலும் பாதை அங்கேயே கூர்மையாக வளைந்திருப்பதும், நாம் நேராகப் போய்விட்டதும் தெரியவரும்.

அந்த அடையாளமும் கிடைக்காத நிலையில், பள்ளத்தை நோக்கி இறங்கினால் எப்படியும் ஊர் வரும் என்று நம்பி ஓடையைப் பின்தொடர்வது மிக ஆபத்தானது. மலை ஓடை தன் போக்கில் பாறைச்சுவர்களிலிருந்து அருவியாக விழும். நடப்பவர் வழுக்குப்பாறைகளில் ஒவ்வொரு படியாக இறங்கி, மேலே ஏறவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் இடையில் சிக்கிக்கொள்வார். இதிலிருந்து கிடைக்கும் விதி எளிது: திரும்ப ஏற முடியாத இடத்தில் இறங்காதீர்கள், அடியைப் பார்க்க முடியாத சரிவிலும் இறங்காதீர்கள். வெளிப்புறமாகப் புடைத்த சரிவு மேலிருந்து பார்ப்பவருக்கு மென்மையாகத்தான் தெரியும், ஏனெனில் செங்குத்தான பகுதி புடைப்புக்குப் பின்னால் மறைந்திருக்கிறது.

முற்றிலும் வழி தெரியாமல் இருட்டிவிட்டாலோ, யாருக்காவது அடிபட்டாலோ, இருக்கும் இடத்திலேயே இருந்து உதவி கேட்பது நல்லது. மலைகளில் வழங்கும் பன்னாட்டு ஆபத்துக் குறி, ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை விசிலோ ஒளியோ எழுப்பி, ஒரு நிமிடம் நிறுத்தி, மீண்டும் ஆறு முறை எழுப்புவது. கேட்டவர்கள் நிமிடத்துக்கு மூன்று குறியால் பதில் தருவார்கள். 112 என்ற எண் பல நாடுகளில் அவசர அழைப்புக்கு உரியது. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் வழியாக அவசர அழைப்பு சேர வாய்ப்புண்டு. குரல் அழைப்பு போகாத இடத்தில் குறுஞ்செய்தி சில வேளை போய்விடும். அதில் உங்கள் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும், எத்தனை பேர், என்ன காயம் என்பதையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

ஏற்றமும் விளிம்பும்

ஏறும் நுட்பத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பேசிக்கொண்டே நடக்க முடியும் வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கினால் நிற்பதைவிட, மூச்சு வாங்காத வேகத்தில் நிற்காமல் நடப்பது குறைவாகக் களைப்பூட்டும். பாதம் முழுவதையும் தரையில் ஊன்றி, பின்காலின் முழங்கால் ஒரு கணம் நேராகும்படி விட்டு, அடுத்த அடியை எடுத்தால் கெண்டைக்கால் தசைக்கு ஒவ்வோர் அடியிலும் சிறு ஓய்வு கிடைக்கும். கை ஊன்ற வேண்டிய இடத்தில் இரு கைகள், இரு கால்கள் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் உறுதியாக இருக்க வேண்டும். பிடிக்கும் கல்லை முதலில் தட்டிப் பாருங்கள்; உட்கூடான ஓசை வந்தால் அதை நம்பாதீர்கள். செடிகளையும் புல்லையும் பிடித்து ஏறாதீர்கள்.

தளர்ந்த கற்கள் நிறைந்த சரிவில் ஒருவருக்கு நேர்கீழே மற்றொருவர் நடக்கக் கூடாது. கல் ஒன்று உருளத் தொடங்கினால் உடனே உரக்கக் கத்துங்கள். சிறிய கல்தானே என்று பேசாமல் இருக்க வேண்டாம், பத்து மீட்டர் உருண்டபின் அது சிறிய கல்லாக இருக்காது. குறுகிய இடமென்றால் நெருக்கமாகச் சேர்ந்து நடக்கலாம், கல் வேகம் பிடிப்பதற்குள் அடுத்தவர் காலில் பட்டு நின்றுவிடும். அல்லது ஒருவர் முழுவதும் கடந்த பிறகே அடுத்தவர் புறப்படலாம். இரண்டுக்கும் நடுவான இடைவெளிதான் கெடுதல் செய்யும்.

மலைமுகட்டில் இடியோசை கேட்டால் ஏரியை மறந்துவிட்டு இறங்குங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று நொடி என்றால் தொலைவு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குக் குறைந்தாலே திறந்த முகடு பாதுகாப்பான இடமன்று. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழியும்வரை மேலே திரும்பக் கூடாது. இதேபோல், 2,500 மீட்டருக்கு மேலுள்ள ஏரிக்குச் செல்பவர் தலைவலியோடு குமட்டலோ தலைச்சுற்றலோ உணர்ந்தால், மேற்கொண்டு ஏறாமல் இறங்குவதே மருந்து.

காட்சிமுனையை அடைந்ததும் உடனே விளிம்புக்கு ஓடாதீர்கள். முதலில் பையை இறக்கிவையுங்கள். பை முதுகில் இருக்கும்போது உடலின் சமநிலை மாறியிருக்கும். விளிம்பில் படர்ந்திருக்கும் புல்திட்டின் அடியில் மண் அரித்துப்போயிருக்கலாம், அது மேலே நிற்பவருக்குத் தெரியாது. உறுதியான பாறையில், விளிம்பிலிருந்து குறைந்தது உங்கள் உடல்நீளம் அளவு தள்ளி நின்று பார்த்தாலும் ஏரி முழுவதும் தெரியும் இடத்தைத் தேடுங்கள். சற்று மேலே ஏறினால் பெரும்பாலும் அப்படி ஓர் இடம் இருக்கும். கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டே பின்னோக்கி அடி வைக்கும் பழக்கம் இங்கே கூடவே கூடாது.

எப்போது பார்ப்பது என்பதும் திட்டத்தில் சேர வேண்டும். பனியாற்று நீர் வந்து சேரும் ஏரிகளின் நீலப்பச்சை நிறத்துக்குக் காரணம், பாறை அரைபட்டு உண்டான நுண்ணிய துகள்கள் நீரில் மிதந்து ஒளியைச் சிதறச் செய்வது. சூரியன் உயரத்தில் இருந்து, உங்களுக்குப் பின்பக்கமாக ஒளி விழும்போது அந்த நிறம் முழுமையாகத் தெரியும். எதிரொளிப்பைப் பார்க்க விரும்பினால் காற்று எழுவதற்கு முந்தைய காலை நேரம்தான் சரி. ஆனால் அதற்காக இருட்டில், முன்பின் தெரியாத மங்கிய பாதையில் ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறத்துக்குரிய முற்பகலோடு முதல் பயணம் நிறைவு பெறட்டும். கரைவரை செல்பவர்கள் ஏரி நீரை அப்படியே குடிக்க வேண்டாம். அது எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஜியார்டியா போன்ற கிருமிகள் இருக்கலாம். நன்றாகக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் காய்ச்சினால் போதும்.

இறக்கம்

இறங்கத் தொடங்கும் முன் மூன்று வேலைகள். காலணியின் கயிற்றை அவிழ்த்து, குதிகால் பின்னே நன்றாக உட்காரும்படி கணுக்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டுங்கள். பாதம் முன்னே வழுக்காது. ஊன்றுகோல் இருந்தால் ஏற்றத்தில் குறைத்த நீளத்தை இப்போது கூட்டுங்கள், அது உங்களுக்கு முன்னே கீழ்ப்படியில் ஊன்ற வேண்டும். பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். பசியும் களைப்பும் உள்ளவர் அடையாளங்களைக் கவனிப்பதில்லை.

இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. மறுநாள் வலிக்கும் வலிக்குக் காரணம் இதுதான், அடிவாரம் நெருங்கும்போது கால் நடுங்குவதற்கும் இதுவே காரணம். அடிகளைச் சிறிதாக்கி, முழங்காலைச் சற்று மடக்கியே வைத்திருங்கள். பயத்தில் உடலைப் பின்னே சாய்ப்பது இயல்பு. ஆனால் அப்படிச் சாய்ந்தால் பாதத்தின் மேல் எடை விழாமல் அது முன்னே வழுக்கிவிடும். மூக்கு பாதத்துக்கு நேர்மேலே இருக்கும்படி உடலை வைத்துக்கொண்டால் காலணியின் அடிப்பகுதி தரையைப் பற்றும். கடினமான பாறைமேல் பரவிய சிறு சரளை பளிங்குத் தரையில் சிந்திய மணிகளைப் போல உருளும். அங்கே பக்கவாட்டில் திரும்பி, பாதத்தின் ஓரத்தால் ஊன்றி இறங்குங்கள். ஈரமான வேரின்மேல் ஒருபோதும் கால் வைக்காதீர்கள், தாண்டிச் செல்லுங்கள். உயரமான பாறைப்படி வந்தால் குதிக்க வேண்டாம். உட்கார்ந்து இறங்கலாம், அல்லது மலையைப் பார்த்துத் திரும்பி, ஏணியில் இறங்கும் விதமாகக் கால் வைத்து இறங்கலாம். கற்களுக்கிடையில் செல்லும்போது ஊன்றுகோலின் பட்டையிலிருந்து மணிக்கட்டை எடுத்துவிடுங்கள். கோல் இடுக்கில் மாட்டினால் கையும் சேர்ந்து மாட்டக் கூடாது.

வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் ஒவ்வொரு வளைவும் ஒரு சோதனை. வேகத்தில் வருபவர் வளைவில் திரும்பாமல் நேரே போவது மிக எளிது, அதிலும் முன்பு சிலர் குறுக்கே வெட்டி இறங்கிய தடமோ மழைநீர் வாய்க்காலோ நேராகத் தொடர்ந்தால் அது பாதையாகவே தோன்றும். வளைவு நெருங்கும்போது நடையைக் குறையுங்கள். ஏறும்போது எடுத்த படங்களை இங்கே திறந்து பாருங்கள், ஞாபகத்தை நம்பாதீர்கள். பாதை திடீரென ஏறும்போதைவிட மோசமாகத் தெரிகிறதென்றால், புதிதாக முட்செடிகளும் தளர்ந்த மண்ணும் வருகின்றன என்றால், நீங்கள் ஏறி வந்த பாதை அதுவன்று. இருபது அடியாக இருக்கும்போதே திரும்பி ஏறுங்கள், இருநூறு அடியானபின் ஏற மனம் வராது. குழுவில் மிகவும் களைத்தவரை முன்னே விடுங்கள், அவர் வேகமே எல்லோருடைய வேகமாகட்டும். பாதையை நன்கு கவனித்தவர் அவருக்கு அடுத்து நடக்கட்டும்.

வெளிச்சம் குறைவதாகத் தோன்றினால், இருட்டும்வரை காத்திராமல் கைகளில் நடுக்கம் இல்லாதபோதே ஹெட்லாம்பை எடுத்து நெற்றியில் மாட்டிக்கொள்ளுங்கள். மரங்களுக்குள் இருட்டு முன்பே வந்துவிடும். கடைசி அரைக் கிலோமீட்டரில் பாதை அகலமாகி நடை எளிதாகும். பேச்சும் சிரிப்புமாகக் கவனம் சிதறுவதும், கணுக்கால் பிரள்வதும் அங்கேதான், ஆகவே பலகை கண்ணில் படும்வரை அடிகளை எண்ணி வைப்பதை விட வேண்டாம். அடிவாரம் சேர்ந்ததும், விவரம் கொடுத்துவிட்டு வந்த நபருக்கு முதலில் செய்தி அனுப்புங்கள். மறந்தால் உங்களைத் தேடி வேறு சிலர் இரவில் அதே சரிவில் ஏற நேரும். பாதை பெயர்ந்து விழுந்த இடத்தையோ, வரைபடத்துக்கும் தரைக்கும் பொருந்தாத வளைவையோ கண்டிருந்தால், ஞாபகம் இருக்கும்போதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் திருத்தியோ, அங்கே குறிப்பாக எழுதியோ வையுங்கள். பாதையைப் பராமரிப்பவர்கள் யாரென்று பலகையில் எழுதியிருந்தால் அவர்களுக்கும் தெரிவியுங்கள்.